வேலி யாரைக் கட்டுகிறது?

மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டம் செம்மண் பூமி. அங்குள்ள சிற்றூர்களில் மண்சுவர் வீடுகளை ஒட்டிச் சிறு கொல்லைகள் உண்டு. மூங்கிலைப் பிளந்து கட்டிய வேலி சூழ்ந்த அத்தகைய கொல்லை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். விடியற்காலையில் வீட்டுப் பெண்மணி கோழிக்கூட்டின் கதவைத் திறக்கிறார். ஏழெட்டுக் கோழிகள் வெளியே வருகின்றன. ஒரு கைப்பிடிக் குருணையை இறைத்துவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். கோழிகள் சருகைக் கிளறுகின்றன; கறையானைத் தேடுகின்றன; வெயில் ஏறியதும் வேலியோரத்துப் புழுதியில் புரண்டு குளிக்கின்றன. அந்தி சாய்ந்ததும் யாரும் அழைக்காமலே கூட்டுக்குத் திரும்புகின்றன. பெண்மணி கதவைச் சாத்தித் தாழிடுகிறார்.

அன்றாடம் நடைபெறும் இச்சிறு நிகழ்ச்சிக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. அந்தக் கோழி சுதந்திரமாக இருக்கிறதா, கட்டுண்டு இருக்கிறதா? பகலெல்லாம் அது தன் விருப்பப்படி திரிந்தது. ஆனால் வேலியைத் தாண்டவில்லை. அந்தியில் தானாகவே திரும்பி வந்தது. ஆனால் வந்த இடத்தில் அதன்மீது தாழ் விழுந்தது.

இது கோழியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பெற்றோர் பிள்ளைகளைச் சுற்றி வேலி கட்டுகின்றனர். சட்டம் குடிமக்களைச் சுற்றி வேலி கட்டுகிறது. ஆன்ம சாதகன் நியமங்கள் என்னும் வேலியைத் தன் மனத்தைச் சுற்றித் தானே கட்டிக்கொள்கிறான். இவற்றுள் எது நியாயமானது, எது அநியாயமானது என்று எப்படி அறிவது? பேச இயலாத ஓர் உயிரை முன்வைத்து இதை ஆராய்வதில் ஒரு நன்மை உண்டு. "உன் நன்மைக்காகத்தான் செய்கிறேன்" என்று கோழியிடம் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது. அதன் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பது ஒன்றே அங்கே சாட்சி.

இரண்டு எளிய விடைகள்

முதல் விடை இது: சுதந்திரம் என்றால் தடையின்மை, ஆதலால் வேலியை நீக்கிவிடுவதே கருணை. கேட்பதற்கு உயர்ந்ததாகத் தோன்றும் இக்கருத்து கோழியின் உண்மை நிலையைக் கருத்தில் கொள்ளவில்லை. வீட்டுக் கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய, கிழக்கு இந்தியக் காடுகளிலும் இன்றும் வாழ்கிறது. சிறு ஓசை கேட்டாலே அது புதருக்குள் மறையும். இரவில் மரக்கிளையில் தங்கும். மனிதனோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் தேவைக்கேற்பக் கோழியை மாற்றி அமைத்துவிட்டான். அதன் உடல் கனத்தது. பறக்கும் ஆற்றல் குறைந்தது. இயற்கையான அச்சம் தணிந்தது. வேலியை நீக்கினால் கீரி, காட்டுப்பூனை, நரி ஆகியவை தரையிலும், பருந்தும் வல்லூறும் வானிலும் அதற்காகக் காத்திருக்கின்றன. தற்காக்கும் ஆற்றலைப் பறித்துவிட்டு, "போ, நீ சுதந்திரமானவள்" என்று கூறுவது கருணையாகாது. அது கைவிடுதலே ஆகும்.

வேலி இல்லாவிட்டால் அடுத்த வீட்டாரின் கீரைப்பாத்திக்கும் கேடு. ஊர்க்கோழிகள் எல்லையின்றிக் கலந்து திரியும்போது நோயும் வீட்டுக்கு வீடு எளிதில் தாவும். 2008 ஜனவரியில் இதே பீர்பூம் மாவட்டத்தில் பறவைக்காய்ச்சல் கண்டறியப்பட்டு, மேற்கு வங்காளத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. நோயைத் தடுப்பதற்காக லட்சக்கணக்கான பறவைகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கொல்லைகளில் வளர்ந்தவை. பல குடும்பங்கள் தங்கள் கோழிகளை ஒப்படைக்கத் தயங்கின. வேலியோ கூண்டோ எல்லா நோயையும் தடுத்துவிடாது என்பது உண்மையே. எனினும் எல்லையற்ற திரிதலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த ஆண்டு காட்டியது.

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிரானது: பாதுகாப்பே முதன்மை, ஆதலால் கூண்டே சிறந்தது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 85 கோடி வளர்ப்புப் பறவைகள் இருந்தன. அவற்றுள் சுமார் 32 கோடி கொல்லைகளில் வளர்ந்தவை. எஞ்சியவை வணிகப் பண்ணைகளைச் சேர்ந்தவை. முட்டைக்கான பெரும்பண்ணைகளில் கோழிகள் வரிசை வரிசையான கம்பிக் கூண்டுகளில் அடைக்கப்படுகின்றன. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. அங்கே கீரி வருவதில்லை, மழை நனைப்பதில்லை. தீனியும் நீரும் மருந்தும் தவறாமல் கிடைக்கின்றன. அந்தக் கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகிறது. "இவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் உயிருக்கு என்ன குறை?" என்று கூண்டின் சார்பில் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை காணாமல் வேலியின் நியாயத்தை விளக்க முடியாது.

இயல்பு என்னும் அளவுகோல்

ஒவ்வோர் உயிருக்கும் ஓர் இயல்பு உண்டு. நமது சாத்திரங்கள் அதை ஸ்வபாவம் என்று குறிப்பிடுகின்றன. கிளறுதல், புழுதியில் குளித்தல், உயரத்தில் அமர்ந்து உறங்குதல், முட்டையிட மறைவிடம் தேடுதல், 21 நாட்கள் அடைகாத்தல் ஆகியவை கோழியின் இயல்பு. இவை அது உயிர் வாழ்வதற்கான வெறும் கருவிகள் அல்ல; இவையே அதன் வாழ்க்கை.

கம்பித் தரையில் வாழும் கோழியிடம் ஆய்வாளர்கள் கண்ட ஒரு செயல் நெஞ்சைத் தொடுவது. அங்கே புழுதி சிறிதும் இல்லை. ஆயினும் அக்கோழி சில வேளைகளில் கம்பியின்மீது படுத்து, சிறகை உதறி, உடலைத் தேய்த்து, இல்லாத புழுதியை அள்ளித் தன்மீது போட்டுக்கொள்வதுபோல் முழுக் குளியலையும் நடத்துகிறது. பல தலைமுறைகள் கூண்டிலேயே கழிந்தும் அந்த நாட்டம் அழியவில்லை. பொருளைப் பறிக்கலாம், இயல்பைப் பறிக்க இயலாது. கூண்டுக் கோழிக்கு என்ன குறை என்ற கேள்விக்கு அந்தப் புழுதியற்ற குளியலே விடை.

இந்த உண்மையை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்து வருகிறது. ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1964இல் வெளியிட்ட நூல் ஒன்று, தொழிற்சாலைபோல் நடத்தப்படும் பண்ணைகளின் நிலையை மக்களுக்கு எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக அமைந்த பிராம்பெல் குழு 1965இல் அளித்த அறிக்கையில், ஒரு விலங்கு எழவும், படுக்கவும், திரும்பவும், தன்னைத் தூய்மை செய்துகொள்ளவும், உறுப்புகளை நீட்டவும் இடமிருக்க வேண்டும் என்று கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக் கூண்டுகள் 2012 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் ஓர் உயிரை அடைப்பதைக் குற்றம் என்கிறது. உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976இல் அரசியல் சாசனம் ஏற்றது. முட்டைக்கோழிகளின் வாழ்நிலையைக் குறித்து இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் ஒரு தனி அறிக்கையே அளித்தது.

தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின் 1958இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் சுதந்திரத்தின் இரு கருத்துகளைப் பிரித்துக் காட்டினார். பிறர் குறுக்கிடாத நிலை ஒன்று; தன்னைத் தானே ஆளும் நிலை மற்றொன்று. கோழிக்கு இவ்விரண்டுமே முழுமையாகப் பொருந்துவதில்லை. அதற்குப் பொருந்துவது தன் இயல்பின்படி வாழ இடம்பெறும் சுதந்திரம். கொல்லை வேலி அந்த இடத்தைத் தருகிறது. கூண்டு அதை மறுக்கிறது. இரண்டுமே தடைகள்தாம். ஆனால் ஒன்று வாழ்வுக்கு வெளியே எல்லை வகுக்கிறது. மற்றொன்று வாழ்வின் உள்ளேயே புகுந்துவிடுகிறது.

பழக்கமும் நிறைவும்

"கூண்டுக்குப் பழகிய கோழி கூண்டையே விரும்புகிறதே!" என்று ஒருவர் கூறலாம். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் மேரியன் டாக்கின்ஸ் 1970களில் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார். ஒருபுறம் கூண்டு, மறுபுறம் திறந்தவெளி. கூண்டிலேயே வளர்ந்த கோழிகள் முதலில் கூண்டையே நாடின. ஆனால் திறந்தவெளியைச் சிறிது அனுபவித்த பின்பு அவையும் அதையே தேர்ந்தெடுக்கத் தொடங்கின.

இதில் மனிதனுக்கும் ஒரு பாடம் உண்டு. அறியாத நன்மையை எவரும் விரும்புவதில்லை. ஒருவர் முணுமுணுக்காமல் இருக்கிறார் என்பதால் அவர் நிறைவாக இருக்கிறார் என்று கருதுவது பெரும் பிழை. குடும்பத்திலும் பணியிடத்திலும் "அவர்கள் ஒன்றும் குறை சொல்வதில்லையே" என்ற சமாதானம் எத்தனை முறை கூறப்படுகிறது! பழக்கம் துன்பத்தை நீக்குவதில்லை. அதைச் சொல்லும் நாவை மட்டுமே அடக்குகிறது.

இடம் மட்டும் போதுமா?

அப்படியானால் இடத்தைப் பெரிதாக்கிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. 1942 ஆகஸ்டில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டுப் புனேயில் உள்ள ஆகா கான் மாளிகையில் வைக்கப்பட்டார். விசாலமான கூடங்களும் பரந்த தோட்டமும் கொண்ட மாளிகை அது. ஆயினும் அது சிறையே. அங்கேதான் அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மகாதேவ தேசாய் மறைந்தார். 1944 பிப்ரவரி 22ஆம் நாள் கஸ்தூரிபாயும் மறைந்தார். தோட்டத்தின் பரப்பு அந்த வேலியை நியாயமாக்கிவிடவில்லை. அது உள்ளிருந்தவர்களின் நன்மைக்காகக் கட்டப்பட்ட வேலியன்று. கட்டியவர்களின் வசதிக்காக அமைந்த வேலி. எனவே "எவ்வளவு இடம்?" என்பதோடு "யாருக்காக?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறையில் இருந்தபோதுதான் காந்தியடிகள் உடல்நலம் குறித்துத் தமது சிறுநூல் ஒன்றை எழுதினார். சேவல் சேராமல் இடப்படும் முட்டையில் உயிர் இல்லை என்றும், பால் அருந்துபவர் அத்தகைய முட்டையை மறுக்கக் காரணமில்லை என்றும் அதில் அவர் கருதினார். முட்டைக்குள் உயிர் உண்டா என்பது அன்றைய கேள்வி. முட்டையை இடும் உயிர் எப்படி வாழ்கிறது என்பது இன்றைய கேள்வி. இரண்டாவது கேள்வியும் அவருக்குப் புதியதன்று. கல்கத்தாவில் கறவை மாடுகள் கொடுமைக்குள்ளாவதைப் பற்றிப் படித்தது, 1912இல் அவர் பாலைக் கைவிட்டதற்கு ஒரு காரணமாக இருந்தது. ஒரு பொருளில் குற்றம் உண்டா என்று பார்ப்பதோடு, அது வந்த வழியில் குற்றம் உண்டா என்றும் பார்ப்பதே விவேகம்.

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. கொல்லை வேலி கீரியிடமிருந்து கோழியைக் காக்கிறது. வளர்ப்பவரின் கத்தியிடமிருந்து காக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் முட்டை எடுக்கப்படுகிறது; சேவல் சந்தைக்குப் போகிறது; முட்டையிடுவது நின்றதும் பெட்டையின் காலமும் முடிகிறது. அவ்வாறாயின் அந்த வேலியின் கருணை உண்மையில் கருணைதானா? நல்ல விலைக்காகக் காத்திருக்கும் பொறுமைக்குக் கருணை என்று பெயரிட்டுவிட்டோமா?

இக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. அதே சமயம் அதை யாரிடம் முதலில் கேட்பது என்பதிலும் நியாயம் வேண்டும். அந்தக் கொல்லையின் பெண்மணிக்குச் சில முட்டைகளின் விலையே பிள்ளையின் நோட்டுப் புத்தகம். ஒரு சேவலின் விலையே மருத்துவச் செலவு. வேறு வழியற்ற ஏழையின்மீது முழு அஹிம்சையின் பாரத்தையும் ஏற்றிவிட்டுத் தான் நிம்மதியாக உறங்குவது, வசதி படைத்தவனுக்கு அறமாகாது. வேலியையே காணாமல் கடையில் மலிவான முட்டையைத் தேடுபவனிடமே அக்கேள்வியை முதலில் கேட்க வேண்டும். முட்டைப் பண்ணைகளுக்கான குஞ்சு பொரிப்பகங்களில், முட்டையிட இயலாத ஆண் குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுவது உலகெங்கும் பரவிய வழக்கம். ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது. மலிவு விலையின் மீதித் தொகையை இத்தகைய உயிர்களே செலுத்துகின்றன.

முழுமையான அஹிம்சை உடலெடுத்தவர்க்கு எளிதன்று. உழும் ஏரும் புழுவைக் கொல்கிறது. ஆனால் முழுமை கைகூடாது என்பது, இயன்றதையும் செய்யாதிருக்கக் காரணமாகாது. எத்திசையில் நடக்கிறோம் என்பதே முக்கியம். முட்டை உண்ணாதவர், உண்பவர், கோழி வளர்ப்பவர் ஆகிய மூவருக்கும் அவரவர் நிலையிலிருந்து எடுத்துவைக்க வேண்டிய அடுத்த அடி ஒன்று உண்டு. உண்ணாதவருக்கு அது உண்பவரை இகழாதிருத்தலாக இருக்கலாம். உண்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, நியாயமான வழியில் வந்ததற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தலாக இருக்கலாம். வளர்ப்பவருக்கு, பல ஆண்டுகள் முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காத்த ஒரு கிழட்டுப் பெட்டையையாவது அதன் இயற்கை முடிவு வரை விட்டுவைத்தலாக இருக்கலாம்.

மூன்று சோதனைகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு வேலியைச் சோதிக்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. உள்ளிருப்பது தன் இயல்பின்படி வாழ இயலுகிறதா? வேலி ஆபத்தை எதிர்த்துக் கட்டப்பட்டதா, கட்டியவரின் வசதிக்காகக் கட்டப்பட்டதா? பயன் தருவது நின்ற பின்னும் உள்ளிருப்பதற்கு அங்கே இடம் உண்டா? கம்பிக் கூண்டு முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. நல்ல கொல்லைகளும் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் தடுமாறுகின்றன. மூன்றாவதே உண்மையான சோதனை. பயன் தரும்வரை காப்பது வணிகம். பயன் நின்ற பின்னும் காப்பதே தர்மம்.

வீட்டு வேலிகளுக்கும் இச்சோதனை பொருந்தும். பிள்ளையின் இயல்பான நாட்டத்தை அறியாமல், தம் அச்சத்தைத் தணித்துக்கொள்வதற்காகவே விதி வகுக்கும் பெற்றோர் கூண்டு கட்டுகின்றனர். எந்த விதியும் இல்லாமல் விட்டுவிடுவோர் பருந்துக்கு விட்டுவிடுகின்றனர். முதுமையுற்ற பெற்றோரையும் நெடுங்காலம் உழைத்த பணியாளரையும் குடும்பம் எவ்வாறு நடத்துகிறது என்பது மூன்றாம் கேள்விக்கு அது தரும் விடை. சாதகனின் நியமங்களும் அத்தகையவையே. மனத்தை நெரிப்பதற்காக அன்று, அதன் உயர்ந்த இயல்பு வளர இடம் தருவதற்காகவே அவை ஏற்பட்டவை.

வேலியின் மறுபக்கம்

மீண்டும் அந்தச் செம்மண் கொல்லைக்குத் திரும்பலாம். அந்தி சாய்ந்துவிட்டது. கோழிகள் கூட்டுக்குள் ஏறிவிட்டன. தாழிடும் முன் பெண்மணி எண்ணிப் பார்க்கிறார். ஒன்று குறைகிறது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. பகலெல்லாம் உழைத்த உடல் ஓய்வை நாடுகிறது. ஆயினும் அவர் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். வேலியைச் சுற்றி வருகிறார். புதரை விலக்கிப் பார்க்கிறார். பழகிய குரலில் அழைக்கிறார். எங்கோ ஒரு மெல்லிய கொக்கரிப்பு கேட்கிறது. விறகுக் கட்டுகளின் இடையே, யாரும் அறியாமல் அந்தப் பெட்டை அடைகாக்க அமர்ந்துவிட்டிருக்கிறது.

வேலி கோழியை மட்டுமே கட்டுகிறது என்று எண்ணுவது தவறு. காலையில் கதவைத் திறக்கவும், மாலையில் எண்ணிப் பார்க்கவும், மூங்கில் இற்ற இடத்தில் மறுபடி கட்டவும், ஒன்று குறைந்தால் இருளில் தேடிச் செல்லவும் அது அந்தப் பெண்மணியையும் கட்டியிருக்கிறது. கூண்டு அவ்வாறன்று, அது உள்ளிருப்பதை மட்டுமே கட்டும், கட்டியவனை விட்டுவிடும். அங்கே ஒன்று குறைந்தால் கணக்கேட்டில் ஓர் எண் மாறும். விளக்கோடு எவரும் வெளியே வருவதில்லை.

பிறரைச் சுற்றி வேலி கட்டும் உரிமை, அந்த வேலியால் தானும் கட்டுண்டிருக்கச் சம்மதிப்பவருக்கே உண்டு. அந்தப் பெண்மணி இதை எந்த நூலிலும் படித்தவரல்லர். விறகுக் கட்டின் அருகே இரவில் கீரி வராதபடி ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, அவர் சோற்றை இறக்கச் செல்கிறார்.